நங்கநல்லூரில் வாடகைக்கு இருந்தவர்கள்

எங்கள் பகுதி நலச்சங்கம் ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போகிறது, பழைய விஷயங்களைத் தொகுக்க நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். தென்சென்னையில் இருக்கும் நங்கநல்லூரைப் பற்றி எழுத யார் கூப்பிட்டாலும் நான் மறுப்பதில்லை. போனதும் முதலில் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். தெரு, மனை எண், முதலில் மனை வாங்கியவர் பெயர், அவர் வேலை பார்த்த அலுவலகம், வீடு கட்டிய வருடம், இப்போது யார் வசம் இருக்கிறது என்று கட்டம் கட்டி நிரப்பியிருந்தார்கள். பல வருட உழைப்பு அது. எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது. எங்கள் தெருவைத் தேடிப் பிடித்துப் படித்தேன். நான் வளர்ந்த வீட்டின் எண் இருந்தது, வீட்டுக்காரர் பெயர் இருந்தது, எங்கள் அப்பா பெயர் இல்லை. சரி, நாங்கள் பின்கட்டுப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர்கள், பட்டியலின் தலைப்பே மனை உரிமையாளர்கள் என்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மலரின் வேறு எந்தப் பக்கத்திலும் ஹிந்தி டீச்சர் பெயர்கூட இல்லை. அங்கேதான் மனசு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் நகரவில்லை.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷனில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்தார். தி.நகர் ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தொடங்கி பிரவீண் வரை கொண்டுபோய் விட்ட பிள்ளைகளும் உண்டு. பிப்ரவரி, ஆகஸ்ட் தேர்வு நெருங்கினால் அந்த மாடிப்படி முழுக்கச் செருப்பாக இருக்கும். படியில் செருப்பு விடக்கூடாது என்று வீட்டுக்கார மாமி சொல்வார். நாங்கள் கேட் பக்கத்தில் கழற்றிப் போட்டுவிட்டு ஏறுவோம். அடுத்த வாரம் மறுபடி படியிலேயே கிடக்கும். எங்கள் தலைமுறையில் அந்தத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளில் அந்த மாடியில் ஏறாதவர்கள் குறைவு. ஒரு பகுதியின் சமூக வாழ்க்கை என்று மலரில் ஒரு தலைப்பு வைத்துவிட்டு, அதில் அந்த மாடி இல்லை என்றால், பிறகு எதை வைத்து நிரப்பப் போகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

ஒண்டுக்குடித்தனத்திலிருந்து வந்தவர்கள்

நங்கநல்லூர் மனைகளான கதையை இங்கே நான் விரிக்க வேண்டியதில்லை. வயல்காடாகக் கிடந்த இடம், கிரவுண்டு கிரவுண்டாகப் பிரிந்து, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மாதச் சம்பளக்காரர்களின் வீடுகளானது. ஏஜிஎஸ் காலனி, எஸ்பிஐ காலனி, வோல்டாஸ் காலனி, சிவில் ஏவியேஷன் காலனி என்று பெயரைக் கேட்டாலே யார் வந்து குடியேறினார்கள் என்று தெரிந்துவிடும். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதலே மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் டிபன் பாக்ஸோடு பழவந்தாங்கலில் ஏறினால் பார்க், கோட்டை, பீச் என்று எந்த ஆபீஸுக்கும் போய்விடலாம். ஊர் இங்கே முளைத்ததற்கு அந்த ரயில்தான் பெரிய காரணம் என்பேன். 32 அடி ஆஞ்சநேயரும், அவரைப் பார்க்க வரும் கூட்டமும் 1995 கும்பாபிஷேகத்துக்குப் பிறகு வந்தவை.

இந்தப் பெரியவர்களிடம் பேசும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு பகுதி உண்டு. மனை வாங்குவதற்கு முன்னால் எங்கே இருந்தோம் என்பது. திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ ஒரு ஒண்டுக்குடித்தனம். ஒரு குழாய், ஒரு கழிப்பறை, அதற்கு முன்னால் வரிசை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரர் கதவைப் பூட்டிவிடுவார். விருந்தாளி இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் தண்ணீர்க் கணக்கு கேட்பார். சுவரில் ஆணி அடிக்க அனுமதி வாங்க வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது அவர்கள் குரலில் இன்னும் சூடு இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் ஆபீஸில் வீட்டுக்கடன் எழுதிக் கொடுத்து, பிராவிடண்ட் ஃபண்டில் எடுத்து, நகையை வைத்து, ஊருக்கு வெளியே பஸ் வசதிகூட இல்லாத இடத்தில் மனை வாங்கினார்கள். சொந்த வீடு என்பது அவர்களுக்கு வசதி என்பதைவிட மரியாதை. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அதே கதையின் அடுத்த பகுதியை யாரும் சொல்வதில்லை. கடனை அடைக்க வேண்டும், சம்பளம் போதாது. அதனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் எடுத்தார்கள், கொஞ்ச நாளில் மாடியில் ஒன்று. அதில் வந்து குடியிருந்தவர்களின் வாடகையும் சேர்ந்துதான் கடன் தவணை கட்டப்பட்டது. குடித்தனக்காரர் முன்கூட்டிக் கொடுத்த பத்து மாத அட்வான்ஸில்தான் பல வீடுகளுக்கு மொசைக் தரையும் மோட்டார் ரூமும் வந்தன. இந்த ஊரின் செங்கல்லில் ஒரு பங்கு வாடகைப் பணம். இதை உரிமை கேட்பதற்காகச் சொல்லவில்லை. வாடகை கொடுத்தோம், இருந்தோம், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஊர் எப்படி எழுந்தது என்று எழுதும்போது இதை விட்டுவிட்டால் பாதிக் கதைதான் எழுதியிருக்கிறோம்.

அந்தப் போர்ஷன்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு தனிச் சட்டம் இருந்தது. காலையில் அரை மணி நேரம் மோட்டார். அதற்குள் பிடிக்கிற தண்ணீர்தான் அன்றைக்கு. கரண்டுக்குச் சப்-மீட்டர், யூனிட்டுக்கு வாரியம் வாங்குவதைவிடக் கூடுதல் காசு. வாடகை ரசீது கேட்டால் முகம் மாறும், ஏனென்றால் சொத்துவரி வாடகை மதிப்பை வைத்துப் போடப்படுவது. ரசீது இல்லையென்றால் ரேஷன் கார்டில் முகவரி மாற்ற முடியாது. அதனால் எங்கள் கார்டு வெகுநாள் பழைய முகவரியிலேயே இருந்தது, சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் அம்மா பஸ் ஏறிப் போவார். இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்களே, அப்போதும் தரைத்தளத்தில் தண்ணீரோடு கிடந்த வாடகைக் குடும்பங்கள்தான் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று விளக்கிக்கொண்டு நின்றன. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதி டு-லெட் பலகைகளில் சைவம் மட்டும் என்ற வரி இன்றைக்கும் இருக்கிறது. அந்த வரி யாரை உள்ளே விடாமல் தடுக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். போர்ஷனுக்குள் வந்தவர்களின் பெயரே மலரில் இல்லை என்றால், கேட்டுக்கு வெளியே நின்று பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களைப் பற்றி எந்த மலரில் எழுதுவது?

ஐயாயிரம் ரூபாய்

மலரில் மிகப் பெரிய கட்டுரை, நியாயமாகவே, பாதாளச் சாக்கடைத் திட்டத்தைப் பற்றியது. இந்த ஊர்க்காரர்கள் எத்தனை பேருக்கு அதன் பெருமை தெரியும் என்று தெரியவில்லை. அப்போது நாங்கள் சென்னை மாநகராட்சிக்குள் இல்லை, ஆலந்தூர் நகராட்சி. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மழைக்காலத்தில் அது நிரம்பித் தெருவுக்கு வரும், இல்லையென்றால் கழிவுநீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொசுவைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 1996-ல் ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவரானார். அவர் காலத்தில் எடுத்த முடிவுதான் பாதாளச் சாக்கடை. செலவு சுமார் 34 கோடி. நகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. அரசு நிதி நிறுவனங்களின் கடனும் மானியமும் போக, மக்களே ஒரு பங்கு முன்பணமாகப் போட வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிகளுக்கு 10,000. இணைப்பு வந்த பிறகு மாதக் கட்டணம் வேறு.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் கேட்கும்போது ஒரு பள்ளம்கூட தோண்டவில்லை என்பது. காகிதத்தில் மட்டும் இருந்த சாக்கடைக்கு ஐயாயிரம். அன்றைக்கு எங்கள் வாடகையைப்போல மூன்று பங்குக்கு மேல். அதையும் மக்கள் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டின. 2000-ல் வேலை தொடங்கியது. சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தார்கள், பெருங்குடியில் தனியார் கட்டி நடத்தித் திருப்பி ஒப்படைக்கும் முறையில் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாட்டின் வேறு நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆலந்தூரை வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பணம் திரண்டதற்கு நலச்சங்கங்களின் வீடு வீடான பிரசாரம் முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். மலர்க் கட்டுரையும் அதைத்தான் சொன்னது. சங்க உறுப்பினர்கள் இரவு பகல் பாராமல் வீடு வீடாகச் சென்றனர் என்று.

தொகுப்புக் குழு கூட்டத்தில் அந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, நான் டீச்சர் பேச்சை எடுத்தேன். வாடகைக்கு இருந்தவர்களுக்கும் ஒரு பகுதி ஒதுக்கலாமே என்றேன். “எப்படிம்மா எழுதறது? இன்னிக்கு வருவாங்க, நாளைக்குப் போவாங்க. அவங்களுக்கும் ஊருக்கும் என்ன பந்தம்?” என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மலருக்குப் பக்கம் குறைவு, கணக்குப் பார்க்க வேண்டியவர் அவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார்கள். அதற்குள் பழைய காரியதரிசி மாமா, அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், மெல்லப் பேச ஆரம்பித்தார். “டெபாசிட் வசூலுக்கு நாங்க போனா வாசல்லயே நிறுத்தி ஆயிரம் கேள்வி கேப்பா. முனிசிபாலிட்டி பணத்தை வாங்கிண்டு ஏமாத்திடும்னு சண்டைக்கு வருவா. அந்த ஹிந்தி டீச்சர் கூட வந்தாளோ, உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு காபி குடுப்பா. எல்லார் ஆத்துக் குழந்தையும் அவகிட்ட படிச்சிண்டிருந்தது. அவ சொன்னா நம்பினா. நம்ம தெருவுல பாதி டெபாசிட் அவ வாங்கிக் குடுத்ததுதான்.”

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மலைப்பாக இருந்தது. டீச்சருக்கு அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட டெபாசிட் கிடையாது. கட்ட அவருக்கு வீடு இல்லை. இணைப்பு வரப்போவது வீட்டுக்காரர் பெயரில், ரசீதும் அவர் பெயரில், வீட்டின் மதிப்பு கூடினால் அதுவும் அவருக்கு. மதிப்பு கூடினால் வாடகை கூடும் என்பதும் டீச்சருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும் சாயங்கால வகுப்பை முடித்துவிட்டு வசூல்காரர்களோடு தெருத்தெருவாக நடந்திருக்கிறார். கொசு கடிப்பதும் சாக்கடை நாறுவதும் பத்திரம் பார்த்து அல்லவே. ஊருக்கும் அவருக்கும் என்ன பந்தம் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஐயாயிரம் வாங்கும் அளவுக்கு ஒரு தெருவின் நம்பிக்கையைச் சேர்த்து வைத்திருந்தவர், அந்தத் தெருவின் சங்கத்தில் உறுப்பினராக முடியாதவராக இருந்தார்.

யார் உறுப்பினர்

எங்கள் சங்கத்தின் துணைவிதியைப் பிறகு எடுத்துப் படித்தேன். பெயரில் குடியிருப்போர் நலச்சங்கம். உள்ளே உறுப்பினர் தகுதி, பகுதிக்குள் மனையோ வீடோ சொந்தமாக வைத்திருப்பவர். சில சங்கங்களில் வாடகைதாரரும் சேரலாம், வாக்கு கிடையாது. சில இடங்களில் முழு உறுப்பினர்களாகவே சேர்த்திருக்கிறார்கள். சங்கங்கள் பதிவாகும் 1975-ஆம் வருடச் சட்டம் இதில் எதையும் கட்டாயப்படுத்துவதில்லை. சங்கமே எழுதிக்கொள்ளும் விதிதான். அப்படியென்றால் சங்கமே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

வீட்டுக்காரர்களின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒருவரைக் காலி செய்யவைக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பயமும் சேர்ந்துதான் பதினோரு மாத அக்ரிமெண்ட், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பது. குடித்தனக்காரருக்கு எந்தப் பிடிமானமும் வந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை எல்லா இடத்திலும் பரவிப் போனது, சங்கத்திலும். இப்போது 2019 முதல் புதுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், காலம் முடிந்தால் காலி செய்ய வேண்டும். சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டி யாரும் வீட்டைப் பிடித்துக்கொள்ள முடியாது. அந்தப் பயம் இன்னும் தேவையா என்று யோசிக்கலாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம் வேறு, பகுதியின் நலச்சங்கம் வேறு. லிஃப்ட் மாற்றுவதா, மொட்டைமாடியில் தண்ணீர் இறங்காமல் வெதரிங் கோர்ஸ் போடுவதா, பொதுச் சேமிப்பான கார்பஸ் நிதியை எடுப்பதா என்பதெல்லாம் உரிமையாளர்கள் முடிவுசெய்ய வேண்டியவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பகுதி நலச்சங்கம் பேசுவது என்ன? குப்பை வண்டி, தெருநாய், பூங்கா, மழைநீர் வடிகால், பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர், பஸ். மழை நாளில் அந்தச் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொள்பவர் கையில் கிரயப் பத்திரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பல மனைகளின் உரிமையாளர்கள் இன்று அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். துணைவிதிப்படி அவர்கள் குடியிருப்போர். அந்த வீட்டில் நிஜமாகவே குடியிருப்பவர் குடியிருப்போர் இல்லை. இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, காலம் மாறியதில் நேர்ந்தது. ஆனால் தெரிந்த பிறகும் அப்படியே விட்டுவைப்பது சரியில்லை.

அரசாங்கமே நம்மைவிட முன்னால் போய்விட்டது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2022-ல் நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, ஏரியா சபை என்று கொண்டுவந்தார்கள். அந்த வருடம் நவம்பர் 1 அன்று, அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் பம்மலில் ஒரு ஏரியா சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தது செய்தியில் வந்தது. கிராமசபை மாதிரிதான். அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் சபை உறுப்பினர். எங்கள் பக்கம் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் அதிகமில்லை. ஒரு இளம்பெண் எழுந்து, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் முனையில் வேகத்தடை வேண்டும் என்று கேட்டார், எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வண்டிகள் வருகின்றன என்று தெளிவாகச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். சொந்த வீடா, வாடகையா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வாடகைக்கு இருக்கிறார் என்பது கூட்டம் முடிந்து பேசிக்கொண்டே நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் சங்கத்தில் அவர் இதே கோரிக்கையை வைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி, அவர் வந்து சொல்ல வேண்டும்.

டீச்சரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டதும் எண் கிடைத்தது. அந்த மாடி வீடு, பில்டரோடு சேர்ந்து அடுக்குமாடி கட்டும் ஜாயின்ட் வெஞ்சருக்குப் போய் இடித்தபோது அவர் மடிப்பாக்கம் போனார், அங்கேயும் வாடகை ஏறியபோது கோவிலம்பாக்கம். நங்கநல்லூரில் கிரவுண்டு விலை ஏற ஏற, போர்ஷன்களில் இருந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட இதே பாதையில்தான் தெற்கே நகர்ந்தார்கள். மலரைப் பற்றிச் சொன்னேன். “எனக்கு அங்க வீடே இல்லையேம்மா, என் பேர் எதுக்கு?” என்றார். டெபாசிட் வசூலைப் பற்றிக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. எந்த வீட்டில் என்ன சொல்லி மறுத்தார்கள், யார் தவணையாகக் கொடுத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், “இப்போ சாக்கடை அடைச்சுக்காம ஒழுங்கா போறதா?” என்று கேட்டார். போகிறது டீச்சர் என்றேன்.

அவர் சொன்னதை வைத்து நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன், மலரில் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தவரே ஒரு விளம்பரத்தை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். துணைவிதி அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்ற பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பகுதியில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் யாரும் உறுப்பினராகலாம், வாக்களிக்கலாம் என்று ஒரு வரி எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். பழைய காரியதரிசி மாமா முதல் கையெழுத்து.

அதற்கிடையில் ஒரு பட்டியல் தயாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். நங்கநல்லூரில், பழவந்தாங்கலில், தில்லை கங்கா நகரில் எப்போதாவது வாடகைக்கு இருந்தவர்கள் எழுதுங்கள். எந்தத் தெரு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எங்கிருந்து வந்தீர்கள், பிறகு எங்கே போனீர்கள், வாடகை எவ்வளவு. பலகையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களும் எழுதலாம். வீட்டு எண் மறந்திருந்தால் பரவாயில்லை, எந்தக் கோயிலிலிருந்து எத்தனையாவது வீடு என்று சொன்னால் போதும், நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.